கட்டெறும்பு என்றொரு வானொலி

தம்பி எதையெல்லாம் வென்றான் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அக்கா விரலை மடக்கத் தொடங்கிவிடுவாள். மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலை வென்றான். அது போகும்போது இடது காதின் கேட்கும் சக்தியை மட்டும் கூலியாக எடுத்துக்கொண்டு போனது. வலது காதை ஆசிரியர் பக்கம் திருப்பிவைத்து, யாரையோ எட்டிப் பார்ப்பவன்போல் வகுப்பில் உட்கார்ந்தே கணக்கை வென்றான். தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது என்று ஒருவர் குப்பையில் போட்ட மடிக்கணினியைப் பிரித்து, உலர்த்தி, உயிர் கொடுத்து, அதையே தன் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டான். வானொலி நிலையம் கோபுரத்தை இறக்கிவிட்ட பிறகும் ஒரு தையல் கூடத்தைப் பாட வைத்தான். கடைசி விரலை மடக்கும்போது அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கும். "தன் காலையே ஜெயிச்சான்" என்பாள். ஓர் இடத்தில் நிற்காத கால் அது.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் எடுத்துப் புழங்கவில்லை. பம்பரம் என்றால்தான் தெரு திரும்பிப் பார்க்கும். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் குதிகால் ஆடும், தூங்கும்போதுகூடக் கால் கட்டைவிரல் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். எந்த வேலையிலும் முதல் வாரம் அவனைப்போல் ஒருவன் கிடையாது. அடுத்த மாதம் அந்த வேலை அங்கேயே இருக்கும், அவன் இருக்கமாட்டான்.

"ஆரம்பசூரன்" என்பார் அக்காவின் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். புறப்பட்ட வண்டி போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்கிற தொழில் அவருடையது. அவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலோ மச்சானின் பாதிகள் அடுக்கியிருந்தன: பாதி பிரித்த மின்விசிறி, பாதி செய்த கடிகாரம், பாதியில் நின்ற மின்பணிப் படிப்பின் புத்தகங்கள். தூசி தட்டும்போதெல்லாம் அக்கா அவற்றை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பாள். தூக்கிப்போட மனம் வரவில்லை. முழுசாகிவிடும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அக்கா ஒரு தையல் கூடத்தில் கட்டிங் மேசையில் இருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் கூடம். நீளமான ஓர் அறை, இரண்டு வரிசைத் தையல் இயந்திரங்கள், கதவோரம் ஒரு தகரப் பெட்டி. உள்ளே வரும்போது எல்லாரும் கைப்பேசியை அந்தப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒருத்தி கைப்பேசியைப் பார்த்தபடியே விரலைத் தைத்துக்கொண்ட நாளிலிருந்து முதலாளியம்மா போட்ட சட்டம் அது. ஆகவே கூடத்தில் காதுக்கென்று இருந்தது ஒரு பழைய வானொலிப் பெட்டி மட்டும்தான். காலையில் பாட்டு, பத்து மணிக்குச் செய்தி, மதியம் தொடர் நாடகம். கை ஓடுவது கையால் அல்ல, காதால் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

கூடத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு நூல் நிறம். உடுப்பை முடித்தவள், லேபிளுக்கு அடியில் தன் நிறத்தில் ஒரே ஒரு தையல் போடுவாள். காலர் தைக்கும் மூத்தவளுக்கு, கூடத்தின் காலர் அக்காவுக்கு, நீலம்; பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்குப் பச்சை. உடுப்பு பிழையோடு திரும்பி வந்தால் லேபிளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நூல் யாருடையதோ அவள் மடியில் போய் விழும். திட்டு கிடையாது, சிரிப்பும் கிடையாது. பிரித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாதம் முதல் தேதி வானொலி இரைந்தது. அலைவரிசையைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். கடலை வறுக்கிற சத்தம்தான் வந்தது. நிலையம் ஒலிபரப்புக் கோபுரத்தை இறக்கிவிட்டு இணையத்துக்குக் குடிபோய்விட்டது என்று முதலாளியம்மா செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னாள். நாடகத்தில் முந்தின நாள்தான், பதினெட்டு வருடம் காணாமல் போன மூத்த மகன் திரும்பி வந்து கதவைத் தட்டியிருந்தான். யார் திறந்தார்கள் என்று தெரியாமலே கூடம் நின்றுபோனது.

"அவன் தட்டிட்டே நிக்கிறான் பாவம்" என்றாள் காஜாக்காரி.

"பதினெட்டு வருசம் எங்கயோ நின்னவன் இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டும்" என்றாள் காலர் அக்கா. ஆனால் அவளுக்கும் அன்று இரண்டு காலர் கோணலாகப் போயிற்று.

அதன் பிறகு கூடத்தில் இருப்புக்கொள்ளவில்லை யாருக்கும். ஜன்னலைத் திற என்றாள் ஒருத்தி, மூடு என்றாள் இன்னொருத்தி. யார் நாற்காலி யார் காலை இடித்தது என்று சண்டை. அக்காவுக்கே அளந்ததை மறுபடி அளக்கும் வியாதி வந்துவிட்டது. துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் கோடுகள் போடும் கணினியில் இணைய இணைப்பு இருந்தது; அதில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். கணினி கிழடு. வானொலிப் பக்கம் விளம்பரமும் படமுமாக ஏறி உட்கார்ந்ததும் பேட்டர்ன் உறைந்து நின்றது, கட்டிங் மேசை அரை நாள் சும்மா கிடந்தது. முதலாளியம்மா இணைப்பைப் பிடுங்கிவிட்டாள்.

அன்று மாலை அக்கா வீட்டில் சொன்னாள். தம்பி சுவரில் சாய்ந்து ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "பக்கத்தைத் திறக்க வேண்டாம்க்கா. பாட்டு மட்டும் வந்தாப் போதும்ல. அதுக்குன்னு குட்டியா ஒரு நிரல் கட்டலாம்" என்றான்.

ஓட்டுநர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "கட்டு மாப்ள. மேல்தட்டுல எடம் இருக்கு."

அக்கா தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். வேறொரு நகரத்தில் குளிர்கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்க ஆள் எடுக்கிறார்கள், தங்க இடமும் தருகிறார்கள், தெரிந்தவரிடம் சொல்லிவைத்தாயிற்று. "அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி. உன் அக்கா எத்தன நாளைக்கு உனக்காக எங்கிட்ட மல்லுக்கட்டுவா, சொல்லு?"

"மாமா, இத முடிச்சிட்டேன்னா?"

"முடிச்சிட்டன்னா போக வேண்டாம். ஆனா முடிக்கணும். முக்கால் முடிச்சேன், முழங்கால் முடிச்சேன்னு வரக்கூடாது."

மறுநாள் முதலாளியம்மாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். புதிதாக மின்னணுத் தையல் இயந்திரங்கள் வாங்கப்போகிறாள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "உன் தம்பி கெட்டிக்காரன்தான். ஆனா பாதில ஓடுற ஆள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? சனிக்கிழமை மதியம் நாடகத்துக்குக் கடைசி நாளாம். அன்னைக்கு இந்தக் கூடத்துல அது கேக்கட்டும், பாக்கலாம்." இஸ்திரி அறையில் இருந்த இன்னொரு கணினியிலும் கேட்டால் நல்லது என்றாள் போகிற போக்கில்.

அடுக்களை மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தம்பி உட்கார்ந்தான். எங்கோ ஒருவர் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்துவிட்டு, பிறகு மறந்துபோன ஒரு வானொலி நிரலின் மூலப்பிரதி அவனுக்குக் கிடைத்திருந்தது. மூலம் என்றால் எழுத்துதான். அதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி கட்டி எடுத்தால்தான் ஓடும் என்று அக்காவுக்கு விளக்கினான்.

"துணி இருக்கு, தைக்கணும். அதான?" என்றாள் அக்கா.

"அதேதான். ஆனா துணியோட நூலு, ஊசி, பட்டன் எதுவும் வராது. எல்லாம் தனித்தனியாத் தேடணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. ஒலியைப் பிரிக்க, நிரல்காரர்கள் நூலகம் என்கிற துணை நிரல் இல்லை என்று கட்டுவது நின்றது. அதைக் கொண்டுவந்தால், அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. அந்த வேறொன்றோ புதிய இயந்திரங்களுக்கு மட்டும்தான் என்றது. கூடத்துக் கணினியின் இயங்குதளம் ஒரு வகை, இவனுடையதும் இஸ்திரி அறையினுடையதும் வேறு வகை. ஒரே மூலம் இரண்டிலும் நிற்க வேண்டும். கறுப்புத் திரையில் எழுத்துகள் மழைபோல் இறங்கும், சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். அவன் எழுந்துபோய்த் தெருமுனைவரை நடந்துவிட்டு வருவான். குட்டிபோட்ட பூனைக்குக்கூட அவ்வளவு நடை இருக்காது.

ஒவ்வொரு முறை அவன் செருப்பை மாட்டும்போதும் அக்கா நினைப்பாள், இதோடு போய்விட்டான், இனி வரமாட்டான் என்று. நறுக்குகிற கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். வருவான். வந்து உட்காருவான். காயை மறுபடி நறுக்கத் தொடங்குவாள்.

அவன் அந்த நிரலில் இருந்ததை எடுத்து எடுத்துப் போட்டான். படம் காட்டுகிற பகுதி போயிற்று. வண்ண வண்ணமாக ஆடுகிற பட்டைகள் போயின. கிழட்டுக் கணினிக்கு வேலை குறையட்டும் என்று, இரண்டு பக்கமாகப் பிரிந்து வரும் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டான். எஞ்சியது ஒரு சிறிய சாம்பல் பெட்டி, நிலையத்தின் பெயர், ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு கோடு.

"கழுத தேஞ்சு கட்டெறும்பாப் போச்சேடா" என்றாள் அக்கா, எட்டிப் பார்த்து.

"எனக்குக் கட்டெறும்புதான்க்கா வேணும்" என்றான். அதுவே அதற்குப் பெயராயிற்று.

வியாழக்கிழமை கட்டெறும்பு அடுக்களையில் பாடியது. எப்போதும்போல் இயர்போன் கம்பியின் ஒரு முனையை வலது காதில் செருகி, மறுமுனையை மார்பில் தொங்கவிட்டு, கண்ணை மூடிக் கேட்டான். கால் ஆடவில்லை. அக்கா அதை மட்டும் பார்த்தாள். பாட்டு அவளுக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதாகவும் இல்லை.

அன்று மதியமே இஸ்திரி அறைக் கணினியில் போட்டான். அங்கேயும் பாடியது. இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு கூடத்துக்கு வந்து, முதலாளியம்மா பிடுங்கிய இணைப்பை மறுபடி மாட்டி, பேட்டர்ன் கணினியில் போட்டான். சாம்பல் பெட்டி திறந்தது. நிலையத்தின் பெயர் வந்தது. பாட்டின் தலைப்புகூட ஓடியது. சத்தம் மட்டும் இல்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். தையல் இயந்திரங்கள் நின்றிருந்தன. அக்கா இஞ்ச் டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள்.

"இஸ்திரிக்குப் பாடுது, நமக்கு ஊமையா?" என்றாள் காஜாக்காரி.

"அங்க சூடு இருக்குல்ல, கட்டெறும்புக்குக் குளிருது போல" என்றாள் காலர் அக்கா. சிரிப்பு கூடத்தைச் சுற்றி வந்தது. அக்காவுக்கும் உதடு துடித்தது; அடக்கிக்கொண்டாள்.

தம்பி சிரிக்கவில்லை. அவன் பார்வையில் வழக்கு தெளிவாக இருந்தது. அந்த வகை இயங்குதளத்தில் பாடுகிறது, இந்த வகையில் பாடவில்லை. ஆகவே பிழை இந்த வகைக்காகக் கட்டியதில். வெள்ளிக்கிழமை முழுவதும் அதைப் பிரித்தான், கட்டினான். ஒலி நூலகத்தை மாற்றினான், பழையதைப் போட்டான், அதற்கும் பழையதைப் போட்டான். கட்டி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து கூடத்துக்கு ஓடி வருவான். பெட்டி திறக்கும், தலைப்பு ஓடும், ஊமை. திரும்ப ஓடுவான். மாலை வரும்போது கண் சிவந்திருந்தது.

வீட்டு வாசலில் ஒரு துணிப்பை தயாராக இருந்தது. ஓட்டுநர்தான் எடுத்து வைத்திருந்தார். கோபமாக அல்ல, சட்டைகளை மடித்து, மேலே ஒரு கம்பளி வைத்திருந்தார். "குளிர்கிடங்கு பாரு. அதான்" என்றார். அந்தக் கம்பளிதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. வேறு எதையாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஒரு நாள் இருக்குல்ல" என்றாள்.

"இருக்கு. நான் இல்லேன்னு சொல்லலையே."

சனிக்கிழமை காலை மடிக்கணினியையே கூடத்துக்குத் தூக்கி வந்துவிட்டான் தம்பி. கட்டிங் மேசையின் ஓரத்தில், துணிக் கட்டுகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் கொடுத்தாள் அக்கா. அவன் முழங்கால் மேசையை ஆட்டியது, அவள் போட்ட சாக்குக்கட்டிக் கோடு அலைந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பதினோரு மணி ஆகியிருந்தது. நாடகம் ஒரு மணிக்கு.

திடீரென்று ஆட்டம் நின்றது. அவன் மடிக்கணினியை மூடப்போனான். "வண்டி காலைலதான? பை எடுத்து வச்சிருக்காருல்ல" என்றான், யாரிடமோ சொல்வதுபோல்.

அவன் கால் நின்றால் நல்லது என்று இருபது வருடம் வேண்டிக்கொண்டவளுக்கு, அது இப்படி நின்றது பிடிக்கவில்லை. அவன் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மூடாத. உன் பொட்டியில பாடுதுன்ன இல்ல, அது எப்படித்தான் இருக்குன்னு நானும் ஒரு தடவ கேட்டுக்கறேன். நீ போறதுக்கு முன்ன கேட்ட மாதிரி இருக்கட்டும்."

அவன் போட்டான். வலது முனை அவன் காதில் இருந்தது. மார்பில் தொங்கிய மறுமுனையை எடுத்து அக்கா தன் காதில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

"போட்டியா?"

"பாடுதுக்கா."

"எங்க? ஒண்ணும் கேக்கல."

"நல்லாப் பாடுது. பெண் குரல்."

அக்கா இயர்போனை எடுத்து ஊதினாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள். ஒன்றுமில்லை. அவள் கை தானாக நீண்டு அவன் காதிலிருந்ததைக் கழற்றியது. சட்டை வெட்டும்போது ஒரு கையை அளந்து மறுகையும் அதேதான் என்று விட்டுவிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, இரண்டையும் அளப்பாள். அதைக் காதில் வைத்தாள். பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. முதல் முனையை வைத்தாள். மௌனம்.

"உன் பக்கம் பாடுது. இந்தப் பக்கம் பாடல" என்றாள். "கம்பி அறுந்திருக்கா?"

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு பேட்டர்ன் கணினிக்கு இரண்டு பக்கமும் இருந்த ஒலிபெருக்கிகளைப் பார்த்தான். வலதுபக்கத்துப் பெட்டிக்குப் போன கம்பியை எந்தக் காலத்திலோ ஒருத்தியின் கத்தரி நறுக்கியிருந்தது. இடது பெட்டி ஒன்றுதான் அங்கே பேசுவது. கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இஸ்திரி அறையில் இரண்டும் பேசும்.

"கம்பி இல்லக்கா" என்றான் மெதுவாக. "நான்தான்."

இரண்டு பக்கத்து ஒலியை ஒன்றாகச் சேர்த்தவன், சேர்த்ததை இரண்டு பக்கத்துக்கும் அனுப்ப மறந்திருந்தான். வலதுபக்கம் மட்டும் போயிற்று. வலது காதால் கேட்டான், சரியாக இருந்தது. தனக்கு இல்லாத காதுக்கு வரவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாளாக நூலகத்தையும் இயங்குதளத்தையும் பிரித்துப்போட்டுத் தேடிய பிழை, அவன் முகத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

எழுதவேண்டியது ஒரே வரி. எழுதினான். ஆனால் அதைக் கட்டி எடுக்க அந்தச் செத்துப் பிழைத்த மடிக்கணினிக்கு நேரம் வேண்டும். எழுத்து மழை இறங்கத் தொடங்கியது. சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை. காஜாக்காரி தண்ணீர் குடித்தாள், மறுபடி குடித்தாள். முதலாளியம்மா வந்து நின்று, கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். அக்கா கத்தரியை எடுத்தாள். துணியைத் தொடாமலே வைத்தாள். பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு ஓட்டுநரும் வந்து, கதவோரம் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கைப்பேசியை அதில் போட மறக்கவில்லை.

நகராமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தம்பியின் கால். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. தெருமுனைவரை போய்வரலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அவன் முதுகைப் பார்த்தாலே அக்காவுக்குத் தெரியும். போகவில்லை.

முடிந்தது. பேட்டர்ன் கணினிக்கு மாற்றினான். சாம்பல் பெட்டி திறந்தது, பெயர் வந்தது, இடதுபக்கத்து ஒலிபெருக்கி லேசாக இருமியது. பிறகு ஒரு மனிதன் கதவைத் தட்டினான். பேட்டர்ன் கோடுகள் பின்னால் தங்கள் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தன, எதுவும் உறையவில்லை.

கடைசி நாள் என்பதால் கதவைத் தட்டிய காட்சியிலிருந்தே நாடகத்தை மறுபடி தொடங்கியிருந்தார்கள். கதவைத் திறந்தது மூத்தவனின் தங்கைதான். அவள் பிறக்குமுன்னே அவன் போய்விட்டவன் என்பதால், யார் நீங்கள் என்று கேட்டாள். காலர் அக்கா நீல நூலால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து விளம்பரம் வந்ததும் அவள்தான் முதலில் எழுந்து கணினியருகே போனாள்.

"பம்பரம், இதுல நூல் எங்க?"

"என்ன நூலு?"

"தச்சவன் நூல். லேபிளத் தூக்கிக் காட்டு."

அவன் ஒரு சின்னச் சாளரத்தைத் திறந்தான். மேலே, மூலத்தை எழுதியவரின் பெயர். கீழே, திருத்திக் கட்டியவர் என்ற இடத்தில், யாரோ என்று இருந்தது.

"யாரோன்னா எங்க வீடு?" என்றாள் காலர் அக்கா. "நாளைக்கு மறுபடி ஊமையாச்சுன்னா யாரோவத் தேடிக்கிட்டு நான் எந்தத் தெருவுக்குப் போவேன்?"

"பேரு போட்டா, எது கெட்டாலும் என்கிட்டதான வருவீங்க."

"பின்ன? அதுக்குத்தான நூலு."

கூடம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் இருந்த எதிலும் அவன் பெயர் இல்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. துடைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள், பட்டதில்லை. பெயர் போட்டவனுக்கு ஓட வழியில்லை. அவன் கதவைப் பார்த்தான். கதவோரம் ஓட்டுநர் நின்றார்.

"என்ன ஏன் பாக்கற மாப்ள" என்றார் அவர். "அந்த டிக்கெட்டுல நானே போயிட்டு வரேன். எப்பவும் ஓட்டிட்டே போறவன், ஒரு தடவ உக்காந்துட்டுப் போறேன். கம்பளி எனக்குத்தான்."

முதலாளியம்மா திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு மடிக்கணினியை இழுத்துவைத்து, யாரோ என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். வீட்டில் வைத்த பெயரை, யாரும் எடுத்துப் புழங்காத அந்த முழுப்பெயரை, அடித்தான். ஓர் எழுத்து தப்பாயிற்று, அழித்துத் திருத்தினான். அதற்காக இன்னொரு தடவை கட்டவேண்டியிருந்தது. எல்லாரும் இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அக்கா மட்டும் நின்றாள்.

சாளரம் திறந்தது. அக்கா குனிந்து, எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை பெயரை. இரண்டாம் தடவை, லேபிளுக்கு அடியில் நூல் போடுவதுபோல் அதற்கு அடியில் அவன் சின்னதாகப் போட்டிருந்த, முடித்த நாளின் தேதியை: 2019, நவம்பர் 16.